டீ கறை படிந்த விண்ணப்பம்

என்னங்க,

சோறும் முட்டையும் அடுப்பங்கரையில் இருக்கின்றன. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். ஒழுகுகிற இடத்தை மட்டும் காட்டுங்கள். அவருக்கு வானியல் பாடம் எடுக்க வேண்டாம்.

நேற்று "உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்றீர்களே, அந்தப் பட்டப்படிப்பு விண்ணப்பத்தைக் காலையில் முழுக்கப் படித்தேன். விருப்பம்போல் பாடங்களைக் கலந்துகொள்ளலாமாம். நீங்கள் கலந்திருப்பது வானியல், சினிமா ரசனை, புகைப்படக்கலை. மூன்றுக்கும் தேர்வு கிடையாது என்பதைத் தவிர வேறு பொருத்தம் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்பீர்கள். நுனிப்புல் மேய்வதற்கு எதற்குப் பட்டம்?

கடைசிப் பக்கத்தில், இவற்றைச் சேர்த்துப் படித்து எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக அங்கே உங்கள் டீ கப்பின் வட்டம்தான் இருக்கிறது.

பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவுகிறேன். குடிக்க உதவாது என்று நாங்கள் எழுதி அனுப்பிய கிணற்றில் ஜனங்கள் ஏன் இன்னும் தண்ணீர் இறைக்கிறார்கள்? இதற்கு விடை தேட வேதியியல் மட்டும் போதாது. சட்டம் தெரிய வேண்டும், ஜனங்களிடம் பேசவும் தெரிய வேண்டும். அந்தக் கடைசிப் பக்கக் கேள்விக்கு இதை எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: பிழை வந்தால் இருக்கட்டும் என்று நீங்கள் வாங்கி வைத்த இரண்டாவது விண்ணப்பத்தைத் தேடாதீர்கள். இன்றுதான் கடைசி நாள், என் பெயரில் கொடுக்கப் போகிறேன். உங்களுடையது மேசையிலேயே இருக்கிறது. டீ கப்புக்கு அடியில் வைக்க ஏதாவது வேண்டுமே.