பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

பாப்பாவோட அப்பாவுக்கு,

பாப்பாவின் கினிப்பன்றிகளில் பெரியவனுக்குக் கால் முறிந்துவிட்டது. யாருக்கோ கொடுக்கிறேன் என்று கூண்டைத் தூக்கிப்போய் வாசலில் கீழே போட்டீர்களே, அதில்தான். குனிந்துகூடப் பார்க்காமல் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "பாப்பாவே இல்ல, இதுங்க எதுக்கு?" என்று கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

டாக்டர் கட்டுப் போட்டார். சின்னவன் மிதித்துவிடுவான் என்று அவனை வேறு பெட்டியில் விட்டேன். இரண்டும் புல்லைத் தொடவில்லை. "பிரிச்சு வெச்சா ரெண்டுமே போயிடும்மா, சேர்த்து விடுங்க" என்று டாக்டர் திட்டினார். இப்போது ஒட்டிப் படுத்துக்கொண்டு கொறிக்கின்றன.

மருந்து ஊற்ற இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தியே அவனைத் துண்டில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு ஊற்றுகிறேன். கடிக்கிறான். பாதி மருந்து என் மேல்தான் சிந்துகிறது. வயதானவன், மருந்து உள்ளே போகாவிட்டால் தாங்கமாட்டானாம்.

என் முகத்தைப் பார்த்தால் பாப்பா ஞாபகம் வருகிறது என்றீர்களாம். உங்கள் அண்ணி சொன்னார். எனக்கு மட்டும் உங்கள் முகம் வேறு எதையாவது ஞாபகப்படுத்துகிறதா? பார்க்க வேண்டாம். பேசவும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் வந்து அவனைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா