சட்டை கழற்றாத கோல்கீப்பர்

12 ஆகஸ்ட் 1983, வெள்ளி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் எஸ்டேட்டின் ஈடு இணையற்ற கோல்கீப்பர் இன்று பந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

டாஸில் தோற்றதால், அணி அடையாளத்துக்காக எங்கள் பக்கம் சட்டை இல்லாமல் ஆட வேண்டும். "கழட்டு லா, என்னடா வெக்கம்?" என்று எங்கள் அணிக் குமார் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். திடலைவிட்டு ஓடிவந்தேன். என் மார்பு சில மாதங்களாகப் பெண்களுக்குப்போல் வீங்குகிறது. அதை அமுக்க, ரப்பர் பாலில் துணியைத் தோய்த்து நேற்று இறுக்கிக் கட்டினேன். காலையில் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் புண்ணுக்கு மருந்து போட்டார். "மடையா, பாலையா பூசுவ? வயசுப் பசங்க நெறைய பேருக்கு இது வரும். ரெண்டு வருஷத்துல தானா வத்திரும். வத்தலன்னா சிரம்பான் டவுன்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்."

இரண்டு வருஷம்! அதுவரை எந்தத் திடலில் நிற்பேன், எந்த ஆற்றில் குளிப்பேன்? செத்துவிடலாம் போலிருக்கிறது. இருந்தும் அசரவில்லையே நான். "நல்லதுதாண்ணே, பந்து பட்டா நெஞ்சு வலிக்காது" என்றேன்.

இல்லை. இந்தப் பதில் இப்போது எழுதும்போதுதான் தோன்றியது. அங்கே நான் கேட்டது, "அண்ணே, நான் பொம்பளையா மாறிடுவனா?" என்பது மட்டும்தான். அதையும் அழுதுகொண்டே.