சார்ஜில் நின்ற வண்டி

அக்கரப்பத்தனை
18.08.2008, திங்கள்

அன்புள்ள கௌசிக்கு,

சார்ஜில் நின்ற வண்டி அதே நேரத்தில் பாதையிலும் போகுமா? மூன்று நாளாய் இதையே யோசிக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம். மெல்பேர்ன் குளிரில் நீ இருமாமல் இருந்தால் அதுவே போதும். அப்பா வாங்கித் தந்த மின்சார ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டில் சமையலறைப் பிளக்கில்தான் சார்ஜ் போடுகிறேன், கேத்தலையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போகிறது என்று அப்பா முறைக்கிறார். லிந்துலைப் பள்ளிக்குப் போவது இறக்கம், சுகமாய்ப் போகும். திரும்பும் ஏற்றம் பற்றரியைக் குடித்துவிடும், ஆகவே பள்ளி விட்டதும் பக்கத்திலுள்ள சுப்பிரமணியம் முதலாளியின் கடை விறாந்தையில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு, மர வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துவேன்.

போன வெள்ளி கரண்ட் நின்று நின்று வந்தது, வண்டியைச் சார்ஜில் போட்டபடி அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். அன்று நாலு மணிக்குப் பாதி வழி வளைவில், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த வீரம்மா பனிக்குள் எதையோ கண்டு பாதையோரக் கானுக்குள் விழுந்திருக்கிறாள். "சத்தமே இல்லீங்க, வெள்ளைச் சீலையில ஒரு பொம்பள மெதந்து போச்சு" என்றாளாம். முனி அடித்துவிட்டது என்று தொழிலாளர் லயத்தில் பேச்சு. அன்றிலிருந்து காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை. அவள் புருஷன் பொன்னையா இன்று காலை வாசலில் வந்து நின்று, "ஆளு போயிருவா போல இருக்கு டீச்சர்" என்றார்.

என் வண்டிக்குச் சத்தமில்லை, என்னிடம் வெள்ளைச் சேலையும் உண்டு, வேறு நாளென்றால் இதுதான் விளக்கம் என்றிருப்பேன். வெள்ளியன்று யாரும் வண்டியை எடுத்தார்களா என்று முதலாளியைக் கேட்டேன். "வயர கழட்டவே இல்லீங்க, கடைய பூட்டுற வரைக்கும் கண்ணு முன்னாலதான் நின்னுச்சு" என்றார். பேய் பிசாசை நான் நம்புவதில்லை, பொய் சொல்வதும் வழக்கமில்லை. ஆனாலும் பின்னேரம் வண்டியிலேயே லயத்துக்குப் போய், அது நான்தான், ஹோர்ன் அடிக்காதது என் பிழை என்று வீரம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். "அட போங்க டீச்சர், உசுர வாங்கிட்டீங்களே" என்று சிரித்து ஒரு கோப்பை கஞ்சி குடித்தாள். இனிப் பனிக்குள் ஏதும் தெரிந்தால் டீச்சரா என்று கூப்பிடு, பதில் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் இதைப் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு மறக்காமல் டெலிபோன் எடு. எங்கே இருந்தாலும் நீ நல்லாயிருக்க வேண்டும்.

உன் அம்மா,
கனகாம்பிகை

செவ்வாய் இரவு. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று இரண்டு மணியிலிருந்து நான் கடை வாங்கில்தான் இருந்தேன், வண்டி பக்கத்தில், சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. மூன்றரைக்கு வீரம்மா மருந்து வாங்கத் தனியாக நடந்து வந்தாள். "எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா? வளைவுல டீச்சரான்னு கேட்டேன், ஆமா வீரம்மான்னீங்களே, அதான் பயப்படாம வந்தேன்" என்றாள். முதலாளி வயரைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. வண்டி ஏற்றத்தில் இருவரை இழுக்காது என்று தெரிந்தும், போகும்போது அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வளைவு முடியும்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.