நேரில் கண்டேன் என்று ஒன்பது முறை

வியாழக்கிழமை மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்குப் பதில் போடு என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. இந்தத் தடவை அந்த வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் நான் பேசுவேன், நீ அந்தப் பக்கம் எதையாவது தட்டிக்கொண்டே 'ம்' கொட்டுவாய். முப்பத்தொரு வருடம் நீதிபதிகளின் கொட்டாவிக்கு எதிரே நின்று வாதாடியவள் நான். ஆனாலும் உன் 'ம்' முன்னால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால் காகிதம்.

முதலில் நல்ல சேதி. புது முட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் நான் படியேறும்போது நம் குமாஸ்தா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார், விழுந்தால் பிடிக்கிறாராம். அவருக்கு அறுபத்தெட்டு வயது. நான் விழுந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். நீ கேட்ட பல் டாக்டர் முகவரியைக் கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மாடியம்மாவை நினைவிருக்கிறதா? சின்ன வயதில் ஒரு தடவை உன்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அவருடைய அப்பா எழுதிய உயில் என் அலமாரியில் மிகப் பழைய கட்டு. மகள் உயிரோடு இருக்கும்வரை வீடு அவளுக்கு. அவள் கண்ணை மூடியதும் வீட்டை விற்றுத் தூரத்துப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டைக் காக்கும் பொறுப்பு டிரஸ்டி என்ற பெயரில் என் தலையில். வருடத்துக்கு ஒரு நாள் நான் அங்கே போய் அவரைப் பார்த்து, 'உயிரோடு நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கீழ்த்தளத்தில் அவருடைய தம்பி மகள் இருக்கிறாள். நாற்பது வயது, தையல் வேலை, வேறு நாதியில்லை, உயிலிலும் அவள் பெயர் கிடையாது. அத்தை இருக்கும்வரைதான் அவளுக்கும் அந்தக் கூரை.

ஆரம்பத்தில் மாடிக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வருவேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் முட்டி மடங்க மாட்டேன் என்றது. பதினேழு படி. அந்த வருடம் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் மாடியம்மா நின்றார், பச்சைச் சால்வை, வலது கையை உயர்த்தினார். நானும் கை ஆட்டினேன். பார்த்தாயிற்று, எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நீ சட்டம் படிக்கவில்லை, ஆனாலும் இது தப்பு என்று உனக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். என் ஜூனியர் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன்.

நேற்று காலை பதினோரு மணிக்குப் போனேன். கேட்டில் நின்றதும் வழக்கம்போல மேலே கை உயர்ந்தது. இந்தத் தடவை ஏமாற்ற வேண்டாம், புது முட்டிக்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று உள்ளே போனேன். அந்தப் பெண் தையல் மெஷினில் இருந்தாள். மேலே போய் அத்தையைப் பார்க்கிறேன் என்றதும் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். தடுக்கவில்லை. 'போய்ப் பாருங்க மேடம், நானும் வரேன்' என்று மட்டும் சொன்னாள்.

பதினேழு படியும் ஏறினேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கட்டில், மடிப்புக் கலையாத விரிப்பு, ஸ்டூலின் மேல் மூடிவைத்த சாப்பாட்டுத் தட்டு. ஆள் இல்லை. சரி, ஜன்னல் பக்கம் இருப்பார் என்று திரும்பினேன். ஜன்னலே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் தேக்கு அலமாரி, சுவரோடு சுவராக. இடையில் என் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. மழைச்சாரல் அடிக்கிறதென்று நாலு வருடத்துக்கு முன்னால் தச்சரும் இரண்டு ஆளுமாக நகர்த்தி வைத்தார்களாம். நான் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பயந்துவிட்டேன், பாப்பா.

பச்சைச் சால்வை எங்கே என்று கேட்டேன். என்ன கேள்வி பார், எத்தனையோ கேட்க இருக்க எனக்கு அதுதான் வாயில் வந்தது. அதை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்து ஆறு வருடம் ஆகிறது என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் டீயோடு மேலே வந்தால் அத்தையைக் காணோமாம். கேட் உள்பக்கம் தாழிட்டபடியே இருந்ததாம். செருப்பு கட்டிலடியில் இருந்ததாம். வெளியே சொன்னால் வீடு போய்விடும் என்ற பயம், இன்றைக்கு வந்துவிடுவார் என்ற ஆசை, இரண்டுமாகச் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'எட்டு நாள் தேடினேன் மேடம். ஒன்பதாம் நாள் நீங்க வந்தீங்க. சொல்லிடலாம்னுதான் வாசலுக்கு வந்தேன். நீங்க மேலே பார்த்துக் கை ஆட்டிட்டு, அத்தை நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கேன்னு கேட்டீங்க. ஓடிப்போய்ப் பார்த்தேன், யாரும் இல்ல. வக்கீலம்மாவே பார்த்து எழுதிட்டாங்க, அப்போ என் கண்ணுக்குத்தான் தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்.'

அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு மேலே போகிறது. தட்டு அப்படியே திரும்பி வருகிறது. வருடத்தில் ஒரு நாள் மட்டும், நான் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற நாளில், தட்டு காலியாக இருக்குமாம்.

நான் இறங்கி வந்தேன். கேட்டைத் தாண்டும் முன் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். நின்றார். அதே பச்சை, அதே வலது கை. எப்போதும் நான் பதிலுக்குக் கை ஆட்டுவேன். நேற்று ஆட்டவில்லை, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே உயர்த்திய கை இறங்கவே இல்லை. தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்படியே இருந்தது.

இனிமேல் சட்டம். ஒருவரைப் பற்றி ஏழு வருடம் யாருக்கும் ஒரு சேதியும் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். மாடியம்மாவுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை, ஏனென்றால் வருடா வருடம் ஒரு மூத்த வக்கீல் நேரில் கண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் கையெழுத்துதான் அவரை அங்கே நிற்க வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கவும் விடாமல், போகவும் விடாமல். அந்தப் பெண்ணிடம் இந்த வருடம் எழுத மாட்டேன் என்று சொல்லத்தான் இன்று மறுபடி போனேன். தன் கூரையைப் பற்றிக் கேட்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது, 'நீங்க எழுதலைன்னா அத்தை எங்க போவாங்க மேடம்?' நான் வெளியே வரும்போது மேலே பார்க்கவில்லை.

நாளைக் காலை மனு தாக்கல் செய்கிறேன். ஒன்பது சான்றும் தவறு, மேலே போய்ப் பார்க்காமல் எழுதினேன் என்று மனுவில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் பார்த்ததை அதில் சேர்க்கவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றுகிறேன். தட்டச்சு செய்யும்போது குமாஸ்தா அழுதார். பிழை வரும் என்று அதட்டினேன். அப்புறம் நானும் அழுதேன்.

வீடு விற்றுப் போனால் அந்தப் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. அவளை அந்தப் பொய்யில் உட்கார வைத்தவள் நான்தான். உன் அறையை அவளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நீ போனதிலிருந்து ஆறு வருடமாக வாரா வாரம் விரிப்பு மாற்றி வைக்கிறேன், அதுவும் மடிப்புக் கலையாமல்தான் இருக்கிறது. இதில் உனக்கு ஆட்சேபம் இருந்தால் நேரில் ஆஜராகித் தெரிவிக்க வேண்டும். ஃபோன், வீடியோ எதுவும் ஏற்கப்படாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் 'நல்லா இருக்கேம்மா' என்று நீ கையை உயர்த்தினாயே, அப்போது படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் வரவில்லை. உயர்த்திய கையோடு நீ நின்றாய். நான் அணைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டபோது, மகள் ஜம்மென்று இருக்கிறாள், நேற்றுகூடப் பார்த்தேன் என்று சொன்னேன். ஆறு வருடமாக எல்லாரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் பாப்பா. நான் சொல்லிக்கொள்வதால் இல்லை, நிஜமாகவே நன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை வா. கேட்டில் நின்று கையை ஆட்டாதே. உள்ளே வா, முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்.

உன் வரவை வாசலிலேயே எதிர்பார்த்திருக்கும்,
அம்மா