ஐந்தருவிச் சத்தம் யாருடையது

ஆடி 2, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மேலகரத்திலிருந்து பஸ்ஸில் நிற்க இடமில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் முதல் பேட்ச் முடித்துவிட்டுப் போனைப் பார்த்தேன். சில வருடம் முன்பு ஐந்தருவியில் நான் எடுத்து நெட்டில் போட்ட வீடியோவின் சத்தத்தை அந்தத் தளத்துக்காரர்கள் நிறுத்திவிட்டார்களாம். "இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தமானது." ஏதோ ஒரு கம்பெனி. தூக்கம் வர அருவி ஓசை விற்கிறவர்கள்.

அருவிக்குச் சொந்தக்காரனா? நாசமாய்ப் போக.

அதில் இவர் பேசுகிறார். ஆபரேஷனில் குரல்வளையை எடுப்பதற்கு முந்தின சீசன். எடுத்த போன் செத்துப்போனது. வேறு எதிலும் இவர் குரல் இல்லை. எங்கள் கல்யாண வீடியோவில்கூடத் தலையாட்டல்தான்.

இவரிடம் சொன்னேன். போனில் தட்டிக் காட்டினார்: "விடு. காப்பி போடு."

போடவில்லை.

ஆடி 3, சனி

ஆட்சேபணை அனுப்பியாயிற்று. கூட வேலை பார்க்கிற ஜெபா சமாதானம் சொன்னாள். "கம்ப்யூட்டருக்கு என்னட்டி தெரியும்? அருவி எல்லாம் ஒண்ணுபோலதான இரையும். கொழம்பிருக்கும்."

நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சோற்றில் கைவைத்தபோது உறைத்தது. அது நம்மைப்போல் "அருவி" என்று கேட்பதில்லை. சத்தத்தைப் படமாக்கும். எந்த நொடியில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளின் வரிசையைத்தான் தேடும். தண்ணீர் ஒரு தடவை விழுந்தமாதிரி மறு தடவை விழாது. அதே அருவியை அடுத்த நிமிடம் எடுத்தாலும் புள்ளிகள் வேறு. அப்படியே பொருந்துகிறது என்றால், ஒரே பதிவு.

கம்ப்யூட்டர் குழம்பவில்லை. அவன் திருடியிருக்கிறான்.

ஹெட்போன் மாட்டி அவன் விற்கிறதைக் கேட்டேன். தண்ணீர். தண்ணீர். அடியில், தேய்ந்து, "ஏட்டி பார்வதி, தலைய நனைக்காத, சளி புடிக்கும்லா!"

அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறான். இவர் என்னை அதட்ட, யார் யாரோ தூங்குகிறார்கள். ஜெபா காதில் மாட்டினேன்.

"ஏ, இது அண்ணாச்சில்லா!"

ஆடி 5, திங்கள்

மறுத்துவிட்டார்கள். யார்? அதே கம்பெனி. என் புகாரைத் தளத்துக்காரர்கள் அவனுக்கே அனுப்பி "உன்னுடையதுதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். திருடனிடமே சாட்சி. பேச ஒரு மனுஷன் கிடையாது.

மறுபடி எழுதினேன். குரல் வருகிற இடம், நான் போட்ட தேதி, அதற்குப் பிறகு அவன் போட்ட தேதி. கடைசியில்: "இந்தச் சத்தம் உங்களுடையது என்றால், என்னை ஏட்டி என்று கூப்பிடுகிறவர் யார்?"

இவர் படித்தார். "காரம் ஜாஸ்தி" என்று தட்டினார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கும் சேத்துத்தான் கத்துதேன்."

சொல்லியிருக்கக் கூடாது. இவர் குடையை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

ஆடி 11, ஞாயிறு

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு. பதில் வந்திருக்கிறது: உரிமைக் கோரிக்கை விலக்கப்பட்டதாம். மன்னிப்பு? ஒரு வார்த்தை இல்லை. அவன் ஒலியையும் காணோம். வேறு பெயரில் எங்கேயாவது போட்டிருப்பான். விடமாட்டேன், தேடுவேன்.

இவரை உட்காரவைத்து, சத்தம் திரும்பிய வீடியோவைப் போட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு இவர் இதைக் கேட்டதே இல்லை. அருவி இரைந்தது. பிறகு அந்த அதட்டல். இவர் கை தொண்டைக்குப் போனது.

போனை எடுத்துத் தட்டினார்: "நான் இவ்ளோ சத்தமாவா பேசுவேன்?"

"ஆமா. தென்காசி வரைக்கும் கேக்கும்."

இன்னொரு தடவை போடச்சொல்லி விரலைக் காட்டினார்.