ஓடிபியைச் சொல்லிடுங்க மச்சான்

கணவர் ஜவஹர் அலி டீக்கடையில் இணையச் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். போலகம் ஊருக்குக் கிளம்பிய அமீர் நிஷா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"மச்சான், மீன் ஆணம் சட்டியில இருக்கு. சோறு மட்டும் வடிச்சுக்கங்க. வாஷிங் மெஷின் இன்னைக்கு மறுபடி வருது. கொண்டுவர்ற தம்பி ஓடிபி கேட்டா சொல்லிடுங்க. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நியூஸ்ல சொன்னது பேங்க் ஓடிபியை. இது பொருளை இறக்குறதுக்கு. நேத்து தெருவே வேடிக்கை பார்க்க, 'நுகர்வோர் உரிமை தெரியுமா?'ன்னு அந்தத் தம்பியை விரட்டிவிட்டீங்க. மெஷின் பூவம் குடோனுக்கே திரும்பிப் போச்சு. என் தோள்வலிக்காக நீங்க ஆசையா வாங்கினதுதானே? உங்க கைலியெல்லாம் ஊறவச்சிருக்கேன். இன்னைக்கும் திருப்பி அனுப்பினா, துவைக்கிற உரிமை முழுசும் உங்களுக்குத்தான்."

எழுதி முடித்தும் மனசு கேட்கவில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: "சுகர் மாத்திரையை மறந்துடாதீங்க. ஓடிபி இப்பத்தான் வந்துச்சு: 4471."

செருப்பை மாட்டியபோதுதான் உறைத்தது. நம்பர் இருக்கிற தாள் எதுவானாலும் படித்த கையோடு சுக்குநூறாகக் கிழித்துவிடுவார் மனுஷன். பார்சல் பெட்டியில் ஒட்டிய முகவரியைக்கூட விட்டுவைப்பதில்லை. போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, திரும்பி வந்து மிச்சமிருந்த மூலையில் சேர்த்தாள்:

"இதைக் கிழிச்சாலும் கவலை இல்ல. எதிர்வீட்டு இஃபாத்துக்கிட்ட நம்பரைச் சொல்லிட்டேன். உங்க டீக்கடைக்கும் போன் போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லச் சொல்லியிருக்கேன்."