மருந்து அடிச்ச புதினா

ஆடி 10, ஞாயிறு
காலையிலேயே காத்து, புழுதி. புதினாத் தொட்டி நாலுலயும் அசுவினிப் பூச்சி. இலையெல்லாம் சுருண்டுகினு. வேப்பெண்ணெய்க்கு அடங்கல. உரக்கடை மருந்து வாங்கி சாயந்தரம் அடிச்சாச்சு. பத்து நாள் பறிக்கக் கூடாதாம்.

பக்கத்து வீட்டு லதாகிட்ட சொல்லணும். மதில் மேல கை நீட்டிப் பறிக்கிறவ. ஆனா மூணு வாரமா பேச்சில்ல. "உன் தொட்டித் தண்ணி என் சுவத்துல எறங்குது"ன்னு தெருவே கேக்கக் கத்தினா. பேச்சுதான் இல்ல, பறிக்கிறது நிக்கல.

ஆடி 11, திங்கள். பரணி
ஏழு மணி. துணி காயப் போட்டுகினு இருந்தேன். மதில் மேல லதா கை. ஒரு பிடி புதினா.

வாயைத் திறந்தேன். மூடிகினேன். அவளே வந்து பேசட்டும்னு ஒரு வீம்பு. கழுவித்தானே அரைப்பான்னு ஒரு சமாதானம். உள்ள வந்துட்டேன்.

பத்தரைக்கு ஆட்டோ சத்தம். லதாவை அவ புருஷன் தாங்கிப் புடிச்சிகினு. வாந்தி, வேர்வை, வாயெல்லாம் எச்சில்.

"என்னாச்சுங்க?"

"தெரிலக்கா. தோசையும் புதினா சட்னியும்தான் துன்னா. நான் இன்னும் சாப்பிடல."

மருந்து பாட்டிலைத் தூக்கிகினு பின்னாலயே ஓடினேன். ரோடு பூரா காவடிக் கூட்டம். ஆட்டோ நகரல. நான் முந்திப் போய் ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட பாட்டிலைக் குடுத்து, என் புதினாவுக்கு அடிச்சதுன்னு சொன்னேன்.

"இவங்க பறிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

எவ்ளோ சீக்கிரம் வந்துச்சு அந்தப் பொய்.

ஆடி 12, செவ்வாய். கிருத்திகை
முருகன் மலைக்குப் போகல. வீட்டுக்காரர் மட்டும் போனார். விபூதி கொண்டாந்து நீட்டினார். பூசிக்கத் தோணல. லதா கண்ணு முழிச்சிட்டாளாம்.

புடுங்கினது: புதினா முழுசும், மண்ணோட.
வச்சது: எதுவும் இல்ல.



ஆடி 15, வெள்ளி
தூறல். லதா வீட்டுக்கு வந்துட்டா. போய்ச் சொல்லிடணும்னு ரெண்டு தரம் செருப்பு மாட்டினேன். கழட்டினேன்.

அதுக்குள்ள அவளே வந்துட்டா. முகம் வத்திப் போய், கதவைப் புடிச்சிகினு நின்னா.

"கேக்காம பறிச்சது என் தப்புக்கா. நீ பாட்டிலோட ஓடி வரலன்னா என்னா ஆயிருப்பேன்? சண்டையை மனசுல வச்சிக்காம வந்தியே. மன்னிச்சிடுக்கா."

இப்பவாவது சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"ஆங், விடு லதா. நான் எப்பவோ மறந்துட்டேன்"னேன்.

அவளை மன்னிச்சிட்டேன். நானு.